ஜரிகை டப்பாவுக்குள் ஒரு ஆட்டம்

சம்பந்தம்: …இருபத்தேழு வருசம் கலை. ஒரே ஆளு. லாஸ்கருன்னு பேரு. உலக சாம்பியன் பட்டத்த இருபத்தேழு வருசம் எவனுக்கும் வுட்டுக் குடுக்கல.

கலையரசி: ஊடை நூலு நாடாவ போடு ண்ணா. என்னுது போட்டு எவ்ளோ நேரமாவுது.

சம்பந்தம்: போடறேன், போடறேன். அவரு இருபத்தேழு வருசம். நான் ஆறு நாளு.

கலையரசி: ஆரம்பிச்சிட்டியா…

சம்பந்தம்: போன சனிக்கிழமை காலைல இருந்து எண்ணிக்கோ. இன்னிக்கு வெள்ளி. பிள்ளையார்பாளையத்து செஸ் சாம்பியன் யாரு?

கலையரசி: ஆடறது நாம ரெண்டே பேரு. அண்ணனும் தங்கச்சியும். இதுல பாளையத்துக்கே சாம்பியனா?

சம்பந்தம்: உலகப் பட்டத்துக்கும் ரெண்டே பேருதான்மா உக்காருவாங்க.

கலையரசி: அவங்க எதிரெதிர உக்காருவாங்க. நாம தறிக்குழில பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கோம்.

சம்பந்தம்: அதுவும் சரிதான். ஒடம்பு ஒரு நெறம், பார்டரு ஒரு நெறம்னு நெய்யற கோர்வை சேலைக்கு ஒரு தறில ரெண்டு ஆளு வேணும்னு எவன் கண்டுபுடிச்சானோ… அவனுக்குப் பேச்சுத்தொண இல்லாம இருந்திருக்கும்.

கலையரசி: பேச்சுத்தொணையா நானு? பார்டர் நாடா போட உக்காந்தவ, பதினெட்டு வருசமா லாஸ்கரு கதையையும் சேத்து நெய்யறேன்.

சம்பந்தம்: கொஞ்ச நாளாத்தானே கதை சொல்றேன்.

கலையரசி: முன்ன நூலகத்துல இருந்து புக்கு எடுத்தாந்து நீயா படிச்சிக்கினு இருந்த, நான் நிம்மதியா இருந்தேன். இப்ப போன் வயர காதுல மாட்டிக்கினு கேக்குற. கேட்டதையெல்லாம் என் காதுல கொட்டுற.

சம்பந்தம்: காதால கேட்டா நல்லா மனசுல நிக்குதுமா.

கலையரசி: …சரி. நாளைக்குக் காலைல ஆறரை பஸ்ஸு. ஞாபகம் வெச்சிக்கோ.

சம்பந்தம்: எங்க?

கலையரசி: இன்னா ண்ணா, எத்தினி வாட்டி சொல்றது? கண் ஆஸ்பத்திரிக்கு. எனக்கு ஊசில நூல் கோக்க முடியலன்னு சொன்னேன் இல்ல? டோக்கன் போட்டாச்சி. தொணைக்கு நீ வரணும்.

சம்பந்தம்: அண்ணிய கூட்டிக்கினு போயேன்.

கலையரசி: அண்ணிக்கு அஞ்சே முக்காலுக்குக் கம்பெனி பஸ்ஸு. ஸ்ரீபெரும்புதூர்ல மெசினு எனக்காக நிக்குமா?

சம்பந்தம்: தறி மட்டும் நிக்குமா? இன்னும் முந்தானை மொத்தமும் நெய்யணும். புதன்கிழமை சேலைய வாங்க வீரபாகு வந்து நிப்பான்.

கலையரசி: ஒரு நாளு ண்ணா. அரை நாளு.

சம்பந்தம்: இன்னிக்கு மழ பேஞ்சிக்கினே இருக்குது பாத்தியா… ஓட்டு மேல சத்தம் கேக்க எவ்ளோ நல்லாருக்குது. ஆயிரம் பேரு ஆயிரம் பலகைல மெல்ல மெல்ல காய் வெக்கிற மாதிரி.

கலையரசி: பேச்ச மாத்து. மாத்து.

சம்பந்தம்: ஒருத்தரு ஆடியிருக்காரு தெரியுமா? ஆயிரம் இல்ல, முப்பத்திரெண்டு பலக. ஒரே நேரத்துல முப்பத்திரெண்டு பேரோட. ஒரு பலகையையும் கண்ணால பாக்காம.

கலையரசி: யாரு?

சம்பந்தம்: அலெகைன். அவரும் உலக சாம்பியன்தான். ஒரு நாற்காலில சாஞ்சி உக்காந்துக்கினு, எல்லாப் பலகையையும் மனசுல விரிச்சி வெச்சிருப்பாரு. இவன் குதிரைய இங்க வெச்சான், அவன் சிப்பாய அங்க தள்ளினான்னு ஒருத்தர் வந்து சொல்லணும். அவ்ளோதான்.

கலையரசி: உனக்கு நான் வந்து சொல்ற மாதிரி.

சம்பந்தம்: அத்த மாதிரிதான்.

கலையரசி: பலக பின்னாடி அலமாரிலதானே இருக்குது? திரும்பினா தெரியும். நீ திரும்புறதே இல்ல. நாலு மாசமா ரெண்டு பேரு காயையும் நானே நகத்துறேன்.

சம்பந்தம்: திரும்பினா கழுத்து புடிச்சிக்குது.

கலையரசி: ஓ… கழுத்து.

சம்பந்தம்: கழுத்துதான். ஏன் அப்படி இழுக்குற?

கலையரசி: ண்ணா… நிறுத்து. நாடாவ போடாத. நிறுத்து!

சம்பந்தம்: இன்னாச்சி? அறுந்திச்சா?

கலையரசி: அறுந்து போவல. ஒடம்புல பச்ச ஓடியிருக்குது. நாலு இழ.

சம்பந்தம்: பச்சயா? பச்ச பார்டருக்கு…

கலையரசி: உன் பக்கத்து பார்டர் நாடாவ எடுத்து ஒடம்புல போட்டிருக்க. அரக்கு ஓட வேண்டிய எடத்துல பச்ச ஓடுது. வயல்ல வரப்பு வெட்டின மாதிரி.

சம்பந்தம்: வெளிச்சம் சரியில்ல. மழ மூட்டம் பாரு.

கலையரசி: தலைக்கு மேல பல்பு எரியுது.

சம்பந்தம்: அந்தப் பல்பும் ஒரு பல்பா… சுத்திலும் வளையம் வளையமா… பச்ச நாடாவுல ஒரு நூலு கட்டி வெச்சிருந்தேனே. வெள்ள நூலு. எங்க அது?

கலையரசி: நாடாவுக்கு எதுக்கு நூலு?

சம்பந்தம்: …திருஷ்டிக்கு.

கலையரசி: நாடாவுக்கு திருஷ்டி!

சம்பந்தம்: நல்லா ஓடுற நாடா அது.

கலையரசி: நீ சொன்ன கதை ஒண்ணு ஞாபகம் வருது. காபா… காபா என்னமோ.

சம்பந்தம்: காபாபிளாங்கா. க்யூபாக்காரரு.

கலையரசி: அவருதான். நாலு வயசுப் புள்ளையாம். அப்பாகாரரு ஆடறத பக்கத்துல குந்திக்கினு பாத்துதாம். "அப்பா, குதிரைய தப்பா வெச்சிட்டீங்க"ன்னு சொல்லிச்சாம். யாரும் அதுக்குக் கத்துக் குடுக்கலயாம்.

சம்பந்தம்: அப்படித்தான் சொல்றாங்க. அதுக்கு இன்னா இப்ப?

கலையரசி: ஒண்ணும் இல்ல. பக்கத்துல குந்தி இருக்குறவங்களுக்கு எல்லாம் தெரியுதுன்னு சொன்னேன்.

வீரபாகு: யாருப்பா உள்ள? இன்னா தறிச் சத்தத்தையே காணோம்? லீவா?

கலையரசி: ஐயோ… நெசவாளர் சொசைட்டிலேர்ந்து வீரபாகு வந்துட்டாரு. அந்தத் துண்ட குடு ண்ணா. சீக்கிரம். இந்தப் பக்கம், என் கைல குடு.

சம்பந்தம்: இந்தா. மூடிட்டியா?

கலையரசி: மூடிட்டேன். வா வீரபாகு. மழைல எதுக்கு வந்த? புதன்கிழமதானே கணக்கு?

வீரபாகு: கல்யாணச் சேலை சொன்ன பொண்ணு வீட்டுக்காரங்க ஒரே போனு. எவ்ளோ ஆச்சின்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க. துண்ட எடு, பாத்துட்டுப் போறேன்.

கலையரசி: ஈரக் கையோடயா? தண்ணி சொட்டுது உன் சட்டைல. பட்டுல ஒரு சொட்டு பட்டுதுன்னா, நீதான் அந்தப் பொண்ணு வீட்டுக்கு பதில் சொல்லணும்.

வீரபாகு: தள்ளி நின்னே பாக்குறேம்மா.

சம்பந்தம்: வீரபாகு, உனக்கு ஒரு கேள்வி. பதினெட்டு வயசுல உலக சாம்பியன் ஆனது யாரு?

வீரபாகு: இது தெரியாதா? நம்ம மெட்ராஸ் புள்ள குகேஷு. டீவில பாத்தேனே. ஜெயிச்சிட்டு, காயெல்லாம் திரும்ப அதது எடத்துல அடுக்கி வெச்சிக்கினே அழுதுது அந்தப் புள்ள.

சம்பந்தம்: அதான் மரியாத. ஆட்டம் முடிஞ்சாலும் காய அதோட எடத்துல வெக்கணும்.

வீரபாகு: அவங்க அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சேன்… ஆங், ண்ணா! சந்தோசமான சமாச்சாரம் ஒண்ணு இருக்குது. இத்த பாரு. போன்ல.

சம்பந்தம்: எங்க… காட்டு.

வீரபாகு: எப்படி இருக்குது? சொல்லு.

சம்பந்தம்: நல்லாருக்குது. கலரு நல்லா எடுப்பா வந்திருக்குது. பார்டருதான்… இன்னும் கொஞ்சம் அகலமா வெச்சிருக்கலாம்.

வீரபாகு: இன்னாது?

சம்பந்தம்: பார்டரு.

வீரபாகு: ண்ணா, இது என் தங்கச்சிக்குப் பொறந்த கொழந்த!

கலையரசி: ஆ ஹா ஹா… வீரபாகு, உன் மூஞ்ச நீயே பாக்கணும்! கிண்டல் பண்றாரு. புரியல உனக்கு? வர்றவங்க எல்லாத்தையும் இப்படித்தான். காட்டு, நான் பாக்குறேன். அய்யோ, எவ்ளோ முடி! என்ன கொழந்த?

வீரபாகு: பொண்ணு. செவ்வாக்கிழம பொறந்துது. வாலாஜாபாத்ல. …ஏன்ணா, கொழந்தைக்குப் போயி பார்டரா?

சம்பந்தம்: பச்சத் துணில சுத்தியிருந்துது இல்ல… அதச் சொன்னேன்.

வீரபாகு: பச்சயா? ரோஸ் கலரு துண்டு ண்ணா அது.

கலையரசி: நீ ஒருத்தன், அவரு வெளையாட்டுக்கு சொல்றத எல்லாம் புடிச்சிக்கினு. கெளம்பு. மழ வுட்டிருக்குது. புதன்கிழம வா, சேலைய மடிச்சிக் கைல தர்றேன்.

வீரபாகு: சாம்பியன் ஆனதுலேர்ந்து ஒரு மாதிரியாத்தான் பேசறாரு உங்க அண்ணன். வர்றேன்.

கலையரசி: பாத்துப் போ… வாசப்படி வழுக்கும். …போயிட்டான்.

சம்பந்தம்: ம்.

கலையரசி: நகரு. நாலு இழையும் பிரிக்கணும். நீ பிரிக்காத, நான் பிரிக்கிறேன்.

சம்பந்தம்: கோவில் மணி அடிக்குது பாரு.

கலையரசி: கேக்குது.

சம்பந்தம்: நேத்து ஒரு கனவு கலை. பெரிய ஹாலு. நம்ம கோவில் ஆயிரங்கால் மண்டபம் மாதிரி, தூணுக்கு நடுவுல எல்லாம் மேச. மேச மேல பலக. நாற்காலில ஆளு யாரும் இல்ல. ஒவ்வொரு நாற்காலிலயும் ஒரு கோட்டு மட்டும் தொங்குது.

கலையரசி: யாரோட கோட்டு?

சம்பந்தம்: எல்லா சாம்பியனோடதும். மொத சாம்பியன் ஸ்டைனிட்ஸோடது வாசல்கிட்ட. கடேசி காலத்துல கஷ்டப்பட்டு செத்தாரு இல்ல… முழங்கை கிழிஞ்சிருந்துது. டாலோட கோட்டுல சிகரெட்டு வாசன. யாராச்சும் வந்து உக்காரட்டும்னு எல்லாம் காத்துக்கினு இருந்துது.

கலையரசி: நீ உக்காந்தியா?

சம்பந்தம்: ஒவ்வொரு மேசையா போறேன். காயெல்லாம் இருக்குது. தொட்டா தெரியுது, இது குதிர, இது யானன்னு. எது வெள்ள எது கறுப்புன்னு மட்டும் தெரியல. எல்லாம் அரக்கு. தரைல தண்ணி ஓடுது. பலகையெல்லாம் மெல்ல மெதந்து போவுது… பயமா இல்ல கலை. அழகாத்தான் இருந்துது.

கலையரசி: கண்ணுன்னாலே உனக்கு அந்த டால் கத ஒண்ணுதான் தெரியும். அவரு மொறச்சா எதிர்ல ஆடறவனுக்கு மந்திரிச்சு வுட்ட மாதிரி ஆயிடும்னு, ஒருத்தரு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினு வந்து உக்காந்தாருன்னு.

சம்பந்தம்: ஆமா. அப்பவும் டால்தான் ஜெயிச்சாரு.

கலையரசி: நானும் ஒரு கத கேட்டேன். நேத்து. நீ பண்ற மாதிரி காதுல மாட்டிக்கினு.

சம்பந்தம்: நீயா!

கலையரசி: ஸ்மிஸ்லோவ்னு ஒருத்தரு. பாட்டுக்காரரு. பெரிய சபாவுல பாட எடம் கெடைக்கல, உலக சாம்பியன் ஆயிட்டாரு.

சம்பந்தம்: தெரியும். நல்ல கொரலு.

கலையரசி: வயசான காலத்துல அவருக்குக் கண்ணு போயிடுச்சி. பெரிய பெரிய ஆட்டமெல்லாம் வுட்டுட்டாராம். வீட்லயே உக்காந்து, மனசுக்குள்ளயே காய் அடுக்கி, புதுசு புதுசா புதிர் பண்ணிக்கினு இருந்தாராம். இந்தக் கத மட்டும் நீ எனக்கு சொல்லவே இல்லயே, ண்ணா. ஏன்?

சம்பந்தம்: …ஞாபகம் வரல.

கலையரசி: உனக்கா? எவன் எந்த வருசம் எந்த ஊர்ல எந்தக் காய வெச்சான்னு சொல்றவன் நீ.

சம்பந்தம்: மூணாவது இழ பிரிச்சிட்டியா?

கலையரசி: நூல நான்தான் அவுத்தேன். வெள்ள நூலு. காலைல நாடாவுல நூல் சுத்தின தார் மாத்தும்போது அவுத்துட்டேன். அது இல்லன்னா நீ என்னா பண்றன்னு பாக்கலாம்னு.

சம்பந்தம்: தெரியும்.

கலையரசி: தெரியுமா?

சம்பந்தம்: முடிச்சுப் போட்டவன் நான். தானா அவுற முடிச்சு இல்ல அது.

கலையரசி: தெரிஞ்சிக்கினேவா என்னக் கேட்ட, "எங்க அது"ன்னு? அதுக்கு மேல ஏன் கேக்கல?

சம்பந்தம்: மேல கேட்டா, நீ திருப்பி ஒண்ணு கேப்ப.

கலையரசி: கேக்குறேன். எத்தினி மாசமா?

சம்பந்தம்: …பொங்கல்ல இருந்து. மொதல்ல வெளக்க சுத்தி வளையம். அப்புறம் பனிக்காலம் முடிஞ்சும் பனி போவல. பாலாத்துப் பக்கம் காலைல இருக்கும் பாரு, அந்த மாதிரி. இப்ப பட்டோட பளபளப்பு மட்டும் தெரியுது, நெறம் தெரியல. உன் மூஞ்சி… நீ பேசறதால தெரியுது.

கலையரசி: அண்ணிக்குத் தெரியுமா?

சம்பந்தம்: தெரியாது.

கலையரசி: ஏன்ண்ணா யாருக்கும் சொல்லல?

சம்பந்தம்: அந்தக் காலத்து ஆட்டம் பத்தி சொன்னேன் இல்ல. பொழுதுக்குள்ள முடியலன்னா, அடுத்து என்னா ஆடப்போறோம்னு ஒருத்தரு காகிதத்துல எழுதி, கவர்ல போட்டு ஒட்டிடுவாங்க. மறுநாளு நடுவரு பிரிப்பாரு. பிரிக்கிற வரைக்கும் யாரும் தோக்கல பாரு. ராத்திரி முழுக்க ஆட்டம் உசிரோட இருக்கும்.

கலையரசி: அதான் நாமளும் சாயந்திரம் தறிய நிறுத்தும்போது அடுத்த காய எழுதி ஜரிகை டப்பாவுல போட்டு வெக்கிறோம்.

சம்பந்தம்: டாக்டரு ஒரு வார்த்த சொல்லிட்டாருன்னா பிரிச்ச மாதிரி. சரியாவும்னு சொன்னா சரி. ஆவாதுன்னு சொல்லிட்டாருன்னா? முப்பது வருசமா ஒக்காந்த குழி இது. நாப்பத்தேழு வயசுல எந்திரிச்சி எங்க போவேன்?

கலையரசி: பிரிக்கலன்னா மட்டும் உள்ள எழுதினது மாறிடுமா?

சம்பந்தம்: …மாறாது.

கலையரசி: ண்ணா… நானும் ஒண்ணு மறைச்சிட்டேன்.

சம்பந்தம்: இன்னா?

கலையரசி: திட்டக் கூடாது.

சம்பந்தம்: சொல்லு.

கலையரசி: போன வெள்ளிக்கிழம சாயந்திரம் நீ எழுதி டப்பாவுல போட்டியே… சனிக்கிழம காலைல பிரிச்சேன் இல்ல. அந்தக் காகிதத்துல ஒண்ணுமே இல்ல ண்ணா. வெறும் வெள்ளக் காகிதம். பேனாவுல மை தீந்து போயிருக்குது. கீறல்தான் இருந்துது, அதுவும் ஒண்ணு மேல ஒண்ணு. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன், தடவிப் பாத்தேன், படிக்க முடியல. மை வரலன்னு கூட தெரியாம எழுதியிருக்கன்னு புரிஞ்சப்ப… பல்லு வெளக்கிட்டு வரேன்னு கெணத்தடிக்குப் போயிட்டேன்.

சம்பந்தம்: அர மணி நேரம் பல்லு வெளக்கின.

கலையரசி: வந்து, எழுதியிருக்குற மாதிரியே படிச்சேன். "யான எட்டாவது வரிசைக்கு, செக்"குன்னு. அதுல நீ ஜெயிச்சிட்ட. நீ அண்ணிகிட்ட ஓடிப்போயி சொன்ன. தெருவெல்லாம் சொன்ன. அந்தச் சந்தோசத்த பாத்துட்டு எனக்கு வாய் வரல. நீ நெஜமா என்னா எழுதினன்னே எனக்குத் தெரியாது ண்ணா.

சம்பந்தம்: நான் எழுதினது குதிர, கலை. அத வெச்சிருந்தா ரெண்டே நகர்த்தல்ல நான் தோத்திருப்பேன். சின்னப் புள்ளைல ஆட்டத்துக்கு நடுவுல என் சிப்பாய எடுத்து ஒளிச்சி வெப்பியே, அதெல்லாம் நீ ஜெயிக்கிறதுக்கு… நான் ஜெயிக்கணும்னு நீ திருடினது அன்னிக்கு ஒரு நாளுதான். யானன்னு நீ படிச்சப்பவே தெரிஞ்சிபோச்சி, காகிதத்துல ஒண்ணும் இல்ல, உனக்கு எல்லாம் தெரிஞ்சிடுச்சின்னு. ஆறு நாளா சாம்பியன், சாம்பியன்னு கத்திக்கினு இருந்தேனே, இல்லன்னு நீ எப்ப சொல்லுவன்னுதான் பாத்துக்கினு இருந்தேன். …நாலாவது இழையும் பிரிச்சிடு. காலைல ஆறரை பஸ்ஸுக்கு உனக்கு மின்னாடி நான் போயி நிக்கிறேன். டோக்கன என் பேர்லதானே போட்டு வெச்சிருக்குற?